கிணற்றில் மண் எடுத்தவர்

"கிணற்றில் மண் எடுத்தவன் நான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு யாராவது நீருக்கடியில் இறங்கும் ஸ்கூபா கற்க வந்தால், அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டுவிடும். நீச்சலே தெரியாமல், தண்ணீரைக் கண்டாலே கால் நடுங்குகிறவர்களை வைத்து நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அவர்கள் சொன்னதைக் கேட்பார்கள், மூச்சு விடு என்றால் விடுவார்கள். இந்தக் கிணற்றுச் சூரர்கள்தான் என் தலைமுடியை வெளுக்க வைத்தவர்கள். இனிமேல் அவர்கள், என்னிடமிருந்து பாடத்தை ஏற்றுக்கொண்ட உங்கள் பொறுப்பு. அதனால் நான் ஒதுங்கிக்கொள்ளும் முன் அவர்களில் ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் நீந்தப் பழகுவது தோட்டத்துக் கிணற்றில். முதுகில் சுரைக்குடுவையைக் கட்டித் தள்ளிவிடுவதில் ஆரம்பித்து, பம்ப்செட் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிப்பது வரை போகும். கடைசிப் பரீட்சை மண் எடுப்பது. அடியைத் தொட்டேன் என்று வாயால் சொன்னால் செல்லாது. ஒரு கைப்பிடி சேற்றை அள்ளிக்கொண்டு வந்து, மேலே நிற்கிறவர்களுக்குக் கையை விரித்துக் காட்ட வேண்டும். நல்லூரில் நானும் எடுத்துக் காட்டியவன்தான். அதற்கு வேண்டிய வித்தை ஒன்றே ஒன்று. குதிக்கும் முன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயை இறுக மூடி, திரும்பி மேலே வரும்வரை திறக்காமல் இருக்க வேண்டும்.

சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறவனை இதே வித்தை கொன்றுவிடும். காரணம் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். ஆழத்தில் சிலிண்டரிலிருந்து இழுத்த காற்று மேலே வர வர விரியும். மூச்சை விட்டுக்கொண்டே வந்தால் ஒன்றும் ஆகாது. அடக்கிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியும். சிறு வயதில் ஊறிய பழக்கமோ நாம் சொல்லிக் கேட்பதில்லை. பயம் வந்த கணத்தில் தானாக வந்து வாயைப் பூட்டிவிடும்.

இதை எனக்குப் புரியவைத்தவர் கரீபியன் தீவு ஒன்றில் படகு ஓட்டிய ஒரு அம்மாள். கப்பல் வேலைக்குப் போன நான், அங்கே ஒரு ஸ்கூபா கடையில் ஆள் வேண்டும் என்றதும் கப்பலை விட்டு இறங்கி, சில வருடங்கள் அவருடைய படகிலேயே இருந்தேன். அங்கே கடல் அவ்வளவு தெளிவு. மேலிருந்தே அடி மணல் தெரியும், ஆழம் என்ற நினைப்பே வராது. விடுமுறைக்கு வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். அந்த அம்மாள் யாருடைய சிரிப்பையும் பார்க்கமாட்டார். தண்ணீருக்கு மேல் வரும் குமிழிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். குமிழி வந்தால் ஆள் மூச்சு விடுகிறான், வராவிட்டால் அடக்கிவைத்திருக்கிறான். ஒரு முறை பெரிய பணக்கார விருந்தாளி ஒருவரை, குமிழி சரியில்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுநாள் படகில் ஏற்ற மறுத்துவிட்டார். கடை முதலாளி கத்தித் தீர்த்தார். அந்த அம்மாள் பதிலே சொல்லாமல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முதலாளி கத்தும்போது அந்த அம்மாளுக்கு உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று நான் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

நான் ஊருக்குத் திரும்பியபோது இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திருப்பூரில் வெளிநாட்டுப் பனியன் ஆர்டர் கொட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்போர்ட்டர் குடும்பங்கள் மாலத்தீவு, அந்தமான் என்று கிளம்ப ஆரம்பித்தன. போவதற்கு முன் பழகிக்கொள்ள என்னிடம் வந்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் ஆரம்பப் பாடம் நடக்கும். ஆழப் பாடத்துக்குப் பெருமாநல்லூர் தாண்டி, மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்த ஒரு பழைய பாறைக்குழி. நீங்கள் இப்போது பாடம் நடத்துகிற அதே குழிதான். பனியன் ஊரில் ஸ்கூபாவா என்று சிரிக்காத ஆள் கிடையாது. சிரித்தவர்களே பிறகு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்கள்.

தங்கவேல் வந்தது உல்லாசத்துக்கு அல்ல. என்னைவிடச் சில வயது மூத்தவர். பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். தறி நெய்த குடும்பம், வருடம் தவறாமல் பழனிக்கு நடக்கிறவர். அவருடைய கம்பெனியில் பாதிக்கு மேல், சரக்கு வாங்கும் ஒரே வெளிநாட்டு பையருடைய ஆர்டர்தான் ஓடியது. அந்த பையருக்குக் கடல் பைத்தியம். தனக்குச் சரக்கு அனுப்புகிற முதலாளிகளை வருடத்துக்கு ஒரு முறை ஒரு கரீபியன் தீவுக்கு அழைப்பார். கூட்டத்தை ஒப்புக்கு முடித்துவிட்டு, எல்லாரையும் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிடுவார். அடுத்த வருடத்து ஆர்டர் யாருக்கு என்பது அங்கேதான் முடிவாகும் என்று ஊரில் பேச்சு. தங்கவேலுக்கு அந்த வருடம்தான் முதல் அழைப்பு வந்திருந்தது.

"ஏனுங்க மாஸ்டர், எனக்குத் தண்ணி ஒண்ணும் புதுசு இல்லீங்க. ஊத்துக்குளில எங்க அப்புச்சி தோட்டத்துக் கெணத்துல மண்ணெடுத்தவனுங்க நானு," என்றார் வந்ததும் வராததுமாக.

"அப்பக் கொஞ்சம் கஷ்டந்தானுங்ணா," என்றேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

குளத்தில் அவரைப் போல ஒரு மாணவர் எனக்குக் கிடைத்ததில்லை. உடம்பு தண்ணீரோடு அப்படி இணங்கிப் போனது. ஒரு குறை மட்டும் இருந்தது. தண்ணீருக்கடியில் நிலைமை எப்படி என்று நான் கையால் கேட்டால், எப்போதும் நன்றாக இருக்கிறது என்றே விரலை வளைத்து வளையம் காட்டுவார். மூக்கில் தண்ணீர் ஏறி முகம் சிவந்திருக்கும்போதும் அதே வளையம்தான். கொங்கு நாட்டுக்காரரிடம் வாயால் ஒரு 'முடியாது' வாங்குவதே கஷ்டம், கையால் வாங்குவது எப்படி? வாழ்நாள் முழுக்க பையரிடம் 'ஆமாங்க, பண்ணிறலாமுங்க' என்று சொல்லியே கம்பெனியை வளர்த்தவர் அவர்.

மேலே வரும்போது மூச்சை விட்டுக்கொண்டே வருவதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். வாய்க்குழாயைக் கடித்தபடியே 'ஆ' என்று இழுத்துக்கொண்டு வரச் சொல்வேன். குரல் வருகிறது என்றால் காற்றும் வெளியே போகிறது. தங்கவேலுக்கு வெறும் 'ஆ' ஒட்டவில்லை. அதனால் 'முருகா' என்று சொல்லி, கடைசி எழுத்தைத் தண்ணீருக்கு மேல் தலை வரும்வரை இழுக்கச் சொன்னேன். குளத்தில் அந்த முருகா கணீரென்று கேட்டது. எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது.

பாறைக்குழியில் இறங்கிய முதல் நாள், அடியில் திரும்பும்போது பாறை விளிம்பில் முகம் உரசி, கண்ணையும் மூக்கையும் மூடியிருந்த மாஸ்க் நழுவியது. கண்ணுக்குள் தண்ணீர் புகுந்தது. நான் கை நீட்டுவதற்குள் அவருடைய நெஞ்சு விரிந்து, உதடு வாய்க்குழாயோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு காலையும் உதைத்து, அம்பாக மேலே கிளம்பினார். ஒரு குமிழிகூட வரவில்லை. எட்டிக் காலைப் பிடித்து இழுத்து, விலாவுக்குக் கீழே முஷ்டியை வைத்து அழுத்தினேன். திமிறினார். என் மாஸ்கிலும் ஓர் அடி விழுந்தது. கடைசியில் காற்று பொங்கிக்கொண்டு வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் அவரை மெல்ல மேலே விட்டேன்.

கரைப் பாறையில் உட்கார வைத்து, இருமல் அடங்கும்வரை காத்திருந்தேன்.

"மேல வரும்போது மூச்சு விட்டீங்களாங்ணா?"

"விட்டேனுங்களே மாஸ்டர்."

"முருகா சொன்னீங்களா?"

"மனசுக்குள்ள சொன்னேனுங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கலங்க வைத்தது. மூச்சு விட்டுக்கொண்டு வந்ததாகவே அவர் மனதார நம்பினார். பொய் சொல்கிறவனைத் திருத்திவிடலாம். தன் வாய் மூடிக்கொண்டது தனக்கே தெரியாதவரை எங்கிருந்து திருத்துவது?

அதற்குப் பிறகும் விடாமல் பழக்கினேன். சொல்லிவிட்டுச் செய்தால் ஒழுங்காகச் செய்தார். சொல்லாமல் திடீரென்று திடுக்கிட வைத்தால், ஒவ்வொரு முறையும் கிணற்றுப் பையன் வெளியே வந்தான். பயணத்துக்கு நாள் நெருங்கியது. பயிற்சி முடித்தவர் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கார்டு கொடுத்தால்தான் அந்தத் தீவில் பையரோடு ஆழத்துக்கு இறங்க விடுவார்கள்.

அவருடைய கம்பெனிக்கே போய்ச் சொன்னேன். மேசை முழுக்க சாம்பிள் பனியன்கள். நான் பேசி முடிக்கும்வரை ஒரு பனியனை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"நீங்க முடியாதுன்னு சொல்லுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்லீங்க மாஸ்டர்," என்றார். "நான் அங்க பத்திரமா இருந்துக்குவேனுங்க."

"உங்க கையில இல்லீங்ணா அது. இன்னொண்ணும் சொல்றேன். கார்டு வேண்டாம், அரை மணி நேரம் சொல்லிக்குடுத்து ஆழம் போகாம மேலாக்க எறக்கி உடறோம்னு அங்கயே ஒருத்தன் வருவான். அதுக்கும் சரிங்கன்னு சொல்லிப்போடாதீங்க. மேலாக்க இருந்தாலும் இது ஆளைக் கொன்னுபோடும். எனக்கு வாக்குக் குடுங்க."

கையிலிருந்த பனியனை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, "செரிங்க. வாக்குங்க," என்றார். என்னைக் காபி குடிக்க வைத்துத்தான் அனுப்பினார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வண்டியை எடுக்கும்போது ஜெயராணி ஓடி வந்தாள். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரிலிருந்து குடும்பத்தோடு வந்து, அந்தக் கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசராக இருந்தவள். உள்ளே பேசியது அவள் காதிலும் விழுந்திருந்தது.

"கொஞ்சம் நில்லுங்க அண்ணாச்சி. மொதலாளி அங்க போயி தண்ணிக்குள்ள எறங்கலன்னா ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிரும்னு சொல்லுதாவ. ஒரு கையெழுத்துதான அண்ணாச்சி, போட்டா என்ன கொறஞ்சு போவுது?"

"அவரு உசுருக்கு ஆபத்து அம்மிணி."

"செத்துருவாவன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது."

"நாங்க வேல இல்லாம நிப்போம்னு எனக்கு நிச்சயமாத் தெரியும் அண்ணாச்சி."

அவள் கேட்டது முழுக்க நியாயம். வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். கத்திய முதலாளிக்குப் பதில் சொல்லாமல் கயிறு சுருட்டிய அந்த அம்மாள் அன்று வழியெல்லாம் என் நினைவில் இருந்தார்.

தங்கவேல் தீவுக்குப் போனார், வாக்கையும் காப்பாற்றினார். நடந்ததை வந்து அவரே சொன்னார். நான் சொன்னபடியே அரை மணி நேரப் பாடத்துக்கு ஒருவன் வந்திருக்கிறான். பையரும் வா வா என்று தோளைத் தட்டியிருக்கிறார். "வேண்டாமுங்க, எனக்கு ஆகாதுங்க," என்று சொல்லிவிட்டாராம். பிழைப்புக்கு வந்த நாளிலிருந்து ஒரு பையரிடம் அவர் சொன்ன முதல் 'வேண்டாம்' அதுதான். பையர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே மற்ற முதலாளிகளோடு இறங்கிவிட்டார். இவர் படகில் தனியாக உட்கார்ந்து குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்று சாப்பாட்டில் எல்லாரும் அடியில் கண்ட மீன்களைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சில் இவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆர்டர் ஒரே நாளில் நிற்கவில்லை. அடுத்த சீசனில் மெலிந்தது, அதற்கு அடுத்ததில் வரவே இல்லை. அதற்குள் வெளிநாடுகளில் சந்தையே படுத்துவிட்டது, ஊரில் பல கம்பெனிகள் திண்டாடின. ஆகவே தீவில் இறங்காததால்தான் ஆர்டர் போனது என்று அடித்துச் சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. தீவில் இறங்கிய முதலாளிகளில் சிலர் தப்பிப் பிழைத்தார்கள் என்பது மட்டும் தெரியும். தங்கவேல் பெருமாநல்லூர்க் கட்டடத்தை விட்டுவிட்டு, நல்லூரில் ஒரு சந்துக்குள் சில மெஷின்களைப் போட்டு, மற்ற கம்பெனிகளுக்குத் தைத்துக்கொடுக்க ஆரம்பித்தார். ஜெயராணி அவரோடு அங்கேயும் வந்தாள். மற்றவர்கள் எங்கெங்கோ போனார்கள். என் வீடும் நல்லூரில்தான் என்பதால் ஜெயராணியைத் தெருவில் அடிக்கடி பார்ப்பேன். அவள் என்னைப் பார்க்கமாட்டாள்.

அந்த நாட்களில் நான் நிறையக் குழம்பினேன். ஒருவேளை அவர் இறங்கியிருந்தால் மாஸ்க் நழுவாமலே போயிருக்கலாம். தெளிந்த தண்ணீர், நல்ல வழிகாட்டி. சிரித்துக்கொண்டே மேலே வந்து, மீன்களைப் பற்றிப் பேசி, ஆர்டரை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவர் செத்திருப்பார் என்பதற்கு என்னிடம் என்ன சாட்சி? மூடிய கம்பெனிக்கு ஊரே சாட்சி. இந்தக் கணக்கு எனக்கு நேராகவே இல்லை.

அவர் நல்லூருக்கு வந்து இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாறைக்குழியில் நான் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய மொபெட் வந்து நின்றது. தங்கவேல். இளைத்திருந்தார். எங்கே பார்த்தாலும் ஓடி வந்து கும்பிடுகிறவர், அன்று கும்பிடவில்லை.

"எம்மேல கோவமாங்ணா?" என்று நானே கேட்டேன்.

"இருந்துச்சுங்க மாஸ்டர். இப்பவும் கொஞ்சம் இருக்குதுங்க." அவர் வாயிலிருந்து அவ்வளவு நேரடியான பேச்சை நான் கேட்டதே இல்லை. "எனக்கு ஒண்ணு தெரியோணுமுங்க. என்னை ஒருக்கா கீழ கூட்டிட்டுப் போங்க. சொல்லாமக் கொள்ளாம மாஸ்க்கக் கழட்டிப்போடுங்க. நான் என்ன பண்றேன்னு பாத்துச் சொல்லுங்க."

"எதுக்குங்ணா இப்ப?"

"தூக்கம் வரமாட்டேங்குதுங்க."

எனக்கும் வருவதில்லை. வண்டியிலிருந்து அவருக்கும் ஒரு சிலிண்டரை இறக்கினேன்.

அவர் கேட்டது ஆபத்தான காரியம். யார் கேட்டாலும் நீங்கள் செய்யாதீர்கள். நான் அன்று செய்தேன். குழியில் ஆழம் குறைந்த ஓரமாகப் போனோம். இறங்கிய கணத்திலிருந்து என் வலது கை அவருடைய நெஞ்சுப் பட்டையை விடவே இல்லை. கொஞ்ச நேரம் அமைதியாகச் சுற்றினோம். நிலைமை எப்படி என்று கேட்டேன். பழையபடியே வளையம் காட்டினார். அவர் பாறையை வேடிக்கை பார்க்கத் திரும்பியபோது, இடது கையால் மாஸ்கை உருவினேன்.

முருகா, இந்த மனிதர் மூச்சை விட்டுவிட வேண்டும் என்று நான் வேண்டவில்லை. என்ன வேண்டினேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. இவர் மூச்சை விட்டுக்கொண்டு நிதானமாக மேலே போய்விட்டால், ஒரு கம்பெனியை வீணாக மூட வைத்தவன் நான்தான். அடக்கிக்கொண்டால்?

அடக்கிக்கொண்டார். அதே மாதிரி நெஞ்சு விரிந்தது, உதடு ஒட்டியது, கால்கள் உதைத்தன. பட்டையைப் பிடித்திருந்த கையில் அவருடைய முழு பலமும் தெரிந்தது. ஒரு குமிழிகூட இல்லை. இழுத்து நிறுத்தி, விலாவுக்குக் கீழே அழுத்தி, காற்று முழுக்க வெளியேறிய பிறகு, பிடித்தபடியே மேலே கொண்டுவந்தேன்.

அதே பாறையில்தான் உட்கார்ந்தோம். மூச்சு சீரானதும் கேட்டார்.

"முருகா சத்தம் கேட்டுச்சுங்களா?"

"இல்லீங்ணா."

"கொமிழி?"

"ஒண்ணுகூட வரலீங்க. நான் புடிச்சு அமுக்கினப்புறந்தான் வந்துச்சு."

தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கழட்டப் போறீங்கன்னு தெரிஞ்சே வந்தனுங்க. தெரிஞ்சே வந்தும் இப்படின்னா, அங்க நான் செத்துத்தான் போயிருப்பேனுங்க."

"ஆமாங்ணா," என்றேன். அப்படி ஒரு ஆமாம் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. கல் ஒன்றை இறக்கி வைத்தவர் போல முதுகு தளர்ந்து, முட்டி மேல் கையை வைத்துக்கொண்டார்.

"போதுமுங்க மாஸ்டர். கம்பெனியச் சும்மாவே தொலச்சுப்போட்டமோன்னு மனசு அரிச்சுட்டே கெடந்துச்சுங்க. சும்மா இல்லீங்க." எழுந்து ஈரப் பனியனைப் பிழிந்தார். "ஜெயராணிகிட்ட நானே சொல்லிப்போடறேனுங்க."

இவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. உங்களிடமும் ஒருவர் வந்து நிற்பார். நல்ல மனிதராக இருப்பார். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பமோ ஒரு கம்பெனியோ காத்திருக்கும். ஒரு கையெழுத்துதானே என்று கேட்பார்கள், நிச்சயமாகத் தெரியுமா என்றும் கேட்பார்கள். உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. மறுத்துவிட்டு வந்து, படுக்கையில் புரண்டுகொண்டிருப்பீர்கள். நீங்கள் மறுத்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து, நீ சொன்னது சரி, நான் செத்திருப்பேன் என்று சொல்லப்போவதில்லை. என் வாழ்நாளில் எனக்கு அப்படி ஒரே ஒருவர் வந்தார். அவரை உங்களுக்கும் சேர்த்துச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.